காமாலை இறங்கிய தட்டு

காலை ஏழு பத்துக்கே அறுபதாவது டோக்கன் போய்விட்டது. மாரண்டஹள்ளிக்கு வெளியே காமாலைச் சாமியின் வீட்டு வாசலில், மஞ்சள் பூத்த குழந்தைகளோடு ஊரே நின்றது. குழந்தையின் பாதத்தில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிச் சாமி தேய்ப்பார். தட்டில் மஞ்சளாக வடியும். காமாலை இறங்கிவிட்டதாம். ஓசூரிலிருந்து காரில் வருகிறார்கள். கார் வைத்திருப்பவர்கள் ஏமாறுவார்களா என்ன?

கோகிலவாணியின் மகள் பிறந்து ஐந்து நாள். முகத்தில் தொடங்கிய மஞ்சள் உள்ளங்கால்வரை வந்துவிட்டது. எழுப்பினாலும் பால் குடிக்கவில்லை. இன்றே தருமபுரியில் ரத்தம் பார்க்க வேண்டும், அளவு கூடியிருந்தால் நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டும், தாமதித்தால் மூளையைத் தாக்கும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். கணவன் மாதுதான் போகிற வழியில் ஆட்டோவை இங்கே நிறுத்தினான். விளக்கு நம்ம வூட்லயுந்தான் எரியுது என்பது அவன் வாதம்.

வரிசையில் நின்றபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் சாமி உள்ளே போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்தார்.

முறை வந்தது.

"தண்ணிய மட்டும் ஊத்துங்க சாமி. நான் தேய்க்கிறேன்."

பெற்றவள் கை படக்கூடாது என்றார் சாமி. அதற்குள் அவள் சொம்பை வாங்கி ஊற்றித் தேய்த்துவிட்டாள். ஊற்றிய தண்ணீர் நிறம் மாறாமல் வெள்ளையாகவே தட்டில் விழுந்தது. காமாலைக்குப் பெற்றவளிடம் கூச்சம் போலும்.

"இப்ப உங்க கைய மட்டும் கழுவுங்க."

சாமி கையை வேட்டியில் மறைத்தார். வெள்ளைத் தட்டைப் பார்த்துவிட்ட மாது அந்தக் கையை இழுத்துப் பிடித்து, அதே சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினான். தட்டு மஞ்சளானது. உள்ளே எட்டிப் பார்த்தவர்கள், மாம்பட்டை ஊறிய சட்டியைத் தூக்கிவந்தார்கள். அந்தச் சாற்றில் சுண்ணாம்பு பட்டால் மஞ்சளாகும். அவ்வளவுதான் அருள்.

வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. பிள்ளைகளின் நோவையெல்லாம் சாமி தன் கையில் வாங்கிக்கொண்டார் என்று விளக்கினார். பத்துப் பேர் தலையாட்டினார்கள். யோசிப்பதைவிட ஆட்டுவது சுலபம்.

மாது குழந்தையை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக ஆட்டோவில் ஏறினான். கோகிலவாணி ஏறி, நகர்ந்து இடம் விட்டாள்.

"அத்தனை காமாலையும் அவரு கையிலன்னா, மொதல்ல அவருக்குத்தான் ரத்தம் பாக்கணும். ஏறுறீங்களா சாமி?"