கிலோமீட்டருக்கு இருபத்தைந்து பைசா

பாளையங்கோட்டையிலிருக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் அசரியா அவர்களுக்கு,

அஸ்தினாபுரத்திலிருந்து உங்கள் அக்கா புருஷன் தேவானந்தம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூவரும் உயிரோடிருக்கிறோம். அதற்கு மேல் எதையும் நலம் என்று எழுத மனசு வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், உங்கள் அக்கா தபீதாள் அழுவாள், அதனால்தான் தபால்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "அத்தான், பெட்ரோல்ல கிலோமீட்டருக்கு ரெண்டே கால் ரூபா. கரண்ட்ல இருபத்தஞ்சு பைசா. இன்னும் ஏன் யோசிக்கிறீங்க?" நானும் யோசிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் ஸ்கூட்டரை நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கங்கம்மாவுக்குப் பதினோராயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். நான் போவது சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும், தினம் ஆறு கிலோமீட்டர். மிச்சம் பன்னிரண்டு ரூபாய். போட்ட பணம் திரும்ப இருபத்திரண்டு வருடம் ஆகும், அப்போது எனக்கு எண்பத்தைந்து என்று உங்கள் அக்காதான் கணக்குப் போட்டாள், வாங்கிய பிறகு. சார்ஜ் போடலாமென்றால் எங்கள் ஃபிளாட் செயலாளர் பூவராகன், "காமன் மீட்டர்ல குத்தக் கூடாது சார், மீட்டிங்ல முடிவாயிடுச்சு" என்றார். பதினோரு கிலோ பேட்டரியைக் கழற்றி, தினமும் இரண்டு மாடி தூக்கினேன். மூன்றாம் வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிக்கு ஒரு முறைக்கு நானூறு ரூபாய். இதை எந்தக் கிலோமீட்டரில் சேர்ப்பது என்று நீங்களே எழுதுங்கள்.

இதெல்லாம் போகட்டும். போன செவ்வாய்க்கிழமை காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஜெரூஷாவுக்குப் பத்து மணிக்கு நேர்காணல். இரண்டு வருடமாக வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு வந்த ஒரே அழைப்பு. "ட்ரெயின்ல போயிக்கிறேன்ப்பா" என்றாள். நான்தான், "அஞ்சு ரூபா கரண்ட்ல கொண்டு விடறேன், வா" என்று பிடிவாதமாக ஏற்றிக்கொண்டு போனேன். வண்டலூரில் புடவைக்கு ஊக்கு குத்த வேண்டுமென்றாள், ஓரமாக நிறுத்தினேன். அத்தோடு சரி. ஏறி உட்கார்ந்து முறுக்கினால் வண்டி அசையவில்லை. திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது, கண்ணாடி வீட்டில். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அவள் போனில் ஆட்டோ கூப்பிட்டாள். மூன்று பேர் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. மணி பத்தாகிவிட்டது. அப்போது பின்னால் பழக்கமான ஒரு ஹாரன் சத்தம். என் பழைய ஸ்கூட்டர்! மேலே கங்கம்மா, பின்னால் மீன் பெட்டி.

"இன்னா சார், நின்னுகினியா? பாப்பாவ ஏத்து, நான் இட்டுகினு போறேன்."

ஜெரூஷா மீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிடம் தாமதம். "லேட்டா வந்தவங்கள கூப்பிடறதில்லம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றித் தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்து வீடு வந்தேன். அவள் வந்து முகம் கழுவிக்கொண்டு கதவைச் சாத்தியவள்தான். நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை அவள் அம்மாதான் உள்ளே கொண்டு போகிறாள். இதற்கு நீங்களும் உங்கள் இருபத்தைந்து பைசாவும்தான் காரணம் என்பதை மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டாருக்குச் சமாதானம் உண்டாகட்டும். உங்கள் மேலுள்ள வருத்தம் உங்கள் பிள்ளைகளைச் சேராது.

இப்படிக்கு,
தேவானந்தம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் வண்டிக் கம்பெனியிலிருந்து ஜென்சி என்றொரு மெக்கானிக் பெண் வந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. காலால் ஒரு தட்டு தட்டினாள், முறுக்கினாள், ஓடிற்று. "சைடு ஸ்டாண்ட் எடுக்காம மோட்டார் ஓடாது அங்கிள். சார்ஜ் அறுபத்தெட்டு பர்சென்ட் இருக்கே" என்றாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஜெரூஷாவின் அறைக் கதவு வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். நீங்கள் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். ஒரு போன் போட்டு நீங்களே சொல்லிவிட முடியுமா?