காந்தக்காரர் மாற்றி வைத்த தட்டுகள்

பெங்களூரிலேயே வீட்டுச் சாவியைத் தொடாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் காந்தக்காரர்தான். மனைவி வெளியே போயிருந்தால் விவேக் நகர் சர்ச் வாசலில் உட்கார்ந்திருப்பார். பெல்ட்டுக்குப் பதில் நாடா. கடிகாரம் கிடையாது. இரும்பு எதுவும் உடம்பில் ஆகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். காந்தங்களுக்கு நடுவே வைத்தால் செல்கள் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்குமா என்று எங்கள் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். செல்கள் வளரும் தட்டுகளில் பாதிக்குக் காந்தம், மீதிக்குக் கிடையாது. அப்போதுதான் ஒப்பிட முடியும். பழைய ஸ்பீக்கர்களை உடைத்துக் காந்தம் எடுத்து அந்த ஏற்பாட்டைச் செய்தவரே இவர்தான்.

"ஸ்வல்ப நில்லுப்பா, பாக்கெட்ல சாவி இருக்கா?" என்று வாசலிலேயே மறிப்பார். இரும்பு பக்கத்தில் வந்தால் காந்தத்தின் சக்தி குறைந்துவிடுமாம். ஒருநாள் மேடத்தையே கொண்டை ஊசியைக் கழற்ற வைத்துவிட்டார், மகானுபாவர்!

செல்கள் வளரும் பெட்டி வெதுவெதுப்பாக முனகிக்கொண்டிருக்கும். வெளியே தூறல். காந்தக்காரர் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து, உள்ளேயிருக்கும் இளஞ்சிவப்பு நீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்னண்ணா பாக்கறீங்க?"

"நீச்சல் கத்துக்குது பா."

கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றால் எனக்கும் அப்படித்தான் தெரியும். அந்த அறையில் பொழுது போவதே தெரியாது.

அவருடைய ஒன்பது வயது மகளுக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் ஊசி. "காந்தம் கெலிச்சா ஊசிய தூக்கிப் போட்டுடலாம்னு பொண்ணாண்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்பார்.

மூன்று மாதம் ஆகியும் இரண்டு வகைத் தட்டிலும் ஒரே அளவு. மேடம் மருந்தை மாற்றினார், மெஷினைத் திட்டினார், எங்களையும் திட்டினார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை எடுக்கத் திரும்பி வந்தேன். காந்தக்காரர் இரண்டு கையிலும் தட்டுகளோடு நின்றார்.

"ஐயோ, என்னண்ணா இது!"

"மாத்தி வெக்கறேன் பா. தெனமும் வெக்கறதுதான்."

என் சத்தம் கேட்டு மேடம் ஓடி வந்தார். காந்தக்காரர் அசரவில்லை. "எல்லாம் ஒண்ணா பொறந்துது மேடம். ஒண்ணுக்கு குடுத்து ஒண்ணுக்கு இல்லேன்னா மனசு கேக்கல. காலைல இதுக்கு, மத்தியானம் அதுக்கு."

மேடம் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எல்லாம் முதலிலிருந்து. இந்த முறை காந்தக்காரர் அறைக்கு வெளியிலேயே கைகட்டி நின்றார். கடைசியில் கணக்கைப் பார்த்தால், காந்தம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

"அப்ப ஊசிதானா மேடம்?"

"ஊசிதான். ஒருநாளும் நிறுத்திடாதீங்க."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தட்டுகளைக் கழுவப் போனார். தோள்பட்டைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"உங்களுக்கும் சர்க்கரையாண்ணா?"

"சே சே. பாப்பாவுக்குப் போடறப்போ நானும் ஒண்ணு குத்திக்குவேன். வேற ஊசி, மருந்தில்லாம. அவளுக்கு மட்டும் வலிச்சா எப்படி பா?"

இப்போது எனக்கும் தினம் காலையில் ஊசி. குத்தும்போதெல்லாம் விவேக் நகரில் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டுவதாக நினைத்துக்கொள்கிறேன். பாதி வலி அவரிடம் போய்விடுகிறது.