காணாமல் போனது: அக்கா

நல்லூர்
8-7-1968

சாமளாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா சாரதாமணிக்கு, தங்கை மருதம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான், உன் வெள்ளாடு எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாமாவும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உன் மாமியார் சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போன வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்ததற்கு நான்தான் காரணம். மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம்.

நீ போன பிறகு நம் தெருவில் திருட்டு அதிகமாகிவிட்டது. காயப்போட்ட பனியன் துணி கொடியோடு போகிறது. அதனால் ஏட்டு ஈஸ்வரமூர்த்தி பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டி, போலீசும் தெருவும் சேர்ந்து வேலை செய்தால்தான் கள்ளன் பிடிபடுவான் என்று பேசினார். "திருடன் போன பொறகு வந்து கத்துறீங்க. போறதுக்கு முன்னாடி சொல்லோணுமல்லோ?" என்றார். பக்கத்து வீட்டு வள்ளியாத்தாக்கா விடுவாளா? "ஏனுங்க, அவன் எங்ககிட்டச் சொல்லீட்டா போறானுங்க?" என்று கேட்டுவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நானும் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். நீ இருந்திருந்தால் என்னைக் கிள்ளியிருப்பாய்.

கடைசியில் தெருவுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். காணாமல் போனது என்ன, என்றைக்குப் போனது, கடைசியாகப் பார்த்த இடம், அடையாளம், யார்மேல் சந்தேகம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டும். ஏழாவதோடு நின்றாலும் என் மகள் எழுத்து அழகு என்று அப்பா என்னை மாட்டிவிட்டார். எனக்குத்தான் அடுத்தவரிடம் வாயைத் திறந்தால் வேர்த்துவிடுமே. ஒவ்வொரு வாசலிலும் நின்று இருமினேன். அவர்களாகவே வந்து சொன்னார்கள். அஜீஸுன்னிசா அக்கா வீட்டில் ஒரு பெட்டைக்கோழி. "அடையாளமா? என்னையக் கண்டா மட்டும் ஓடாதுன்னு எழுது கண்ணு. சந்தேகம் எங்கூட்டுக்காரர் மேலதான். அன்னைக்கு மத்தியானம் அவருக்குப் பசியே இல்ல" என்றார். அப்படியே எழுதினேன்.

கடைசியாக நம் வீடு. "நம்மூட்டுல ஒண்ணும் போகலை, கோடு போட்டுரு கண்ணு" என்றார் அப்பா. ஒன்றும் போகவில்லை என்று கோடு போட என் கைக்கு வரவில்லை அக்கா. அழித்துவிடலாம் என்றுதான் பென்சிலில் எழுதினேன். காணாமல் போனது: அக்கா. நாள்: தை இருபத்திரண்டு. கடைசியாகப் பார்த்தது: சோமனூர் பஸ், ஜன்னல் ஓரம். அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு, சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். சந்தேகம்: மாமியார். எழுதியதும் மனசு லேசாகி, ரப்பர் தேடி உள்ளே போனேன். திரும்பி வந்தால் நோட்டைக் காணோம். ஏட்டய்யா வந்து வாங்கிப் போய்விட்டாராம்.

கோழியை அவர் இன்னும் தேடவில்லை. உன்னைத் தேடி மட்டும் மறுநாளே சைக்கிளில் வந்துவிட்டார். உங்கள் தறிக்கூடத்தில் நடந்ததை அவரே வந்து தெருவில் சொன்னார். "தறிக்குத் தார்நூல் சுத்தறதுக்கு இருக்கறதே இவ ஒருத்திதானுங்க, இவளை நானெதுக்குங்க தொலைக்கிறேன்?" என்று உன் மாமியார் கத்தினாராம். ஏட்டய்யா விடவில்லை. "தழும்பு சரியா இருந்துச்சு. கொஞ்சம் சிரி கண்ணு, பாக்கலாம்னேன். அந்தப் புள்ள சிரிக்கவே இல்லீங்க. மூணாந்தடவை கேக்கறப்போ கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாதி அடையாளந்தான் பொருந்துதுன்னு எழுதியிருக்கறேன்" என்றார். தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

என்னை மன்னித்துவிடு. நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கிவிடுகிறேன். உன் மாமியார் காலில் நான் விழுந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல். ஆடிப் பதினெட்டு நோம்பிக்கும் உன்னை அனுப்ப முடியாது என்று மாமா எழுதியிருந்தார். தார் சுற்ற ஆள் இல்லையென்றால் என்ன செய்வது, நீ வரவேண்டாம். நான் ஒன்றும் ஏங்கிக் கிடக்கவில்லை. பகலெல்லாம் பனியனில் பிசிர் நூல் வெட்டுகிறேன், பேச ஆடு இருக்கிறது. உன் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன். தினமும் வெயிலில் போட்டு எடுப்பதோடு சரி.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். உங்கள் தறிகளில் நூல் அறாமல் ஓடச் சிவன்மலை முருகன் துணை இருக்கட்டும்.

உன் தங்கை,
மருதம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது ஏட்டய்யா வந்தார். "ஏங்கண்ணு, அது உங்கக்காதான்னு ஒரு வரி எழுதிக் குடு, கேஸை முடிச்சர்றேன். இல்லாட்டி அந்தப் புள்ளைய இங்க வரவழைச்சு நீதான் அடையாளம் காட்டோணும்" என்றார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் வாயைத் திறந்து, "அஞ்சு மாசமாச்சுங்க. நேர்ல பாக்காமச் சொல்ல முடியாதுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆடி முதல் தேதி உன்னை இங்கே அனுப்பிவைக்கும்படி உன் மாமியாருக்கு என்னையே நோட்டீஸ் எழுதச் சொன்னார். அடையாளம் பார்க்கப் பதினெட்டு நாளாவது ஆகும் என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாற்றுச்சேலை நாலு எடுத்து வா.