சிலந்திக்கு ஒரு லைன் கிளியர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எத்தனையோ சேஃப்டி ஆபீசர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் சிலந்தியின் உயிருக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பிளாக்காரர் என்பதை நான் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிக்கொள்வேன்.

அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். பெயர் ஏதோ இருந்தது. எல்லோருக்கும் அவர் 'லைன் கிளியர்'தான். கரண்ட்டை நிறுத்தி, சுவிட்சில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற சிவப்பு அட்டையை மாட்டிய பிறகே அங்கே வேலையில் கை வைக்கலாம். மாட்டியவர்தான் கழற்றவும் வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் லைன் கிளியர் என்று பெயர். மற்றவர்கள் இந்த விதியை மின் நிலைய கேட்டிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். இவர் அட்டையோடு திரும்புவார்.

மிக்ஸியைத் துடைப்பதற்கு ஒருநாள் அட்டை மாட்டியவர், கழற்ற மறந்து ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவி கலைச்செல்வி தேங்காயும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் சட்னி அரைச்சுக்கறேங்க. எங்க வூட்டு மிக்ஸிக்கு அவரு வந்தாத்தான் விடுதலை."

கலைச்செல்விக்குக் கம்மாபுரம் பக்கம் ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்தது போக, பிறந்த வீட்டில் அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அதில் விளையும் நெல்லை உயிராக நினைப்பார். ஒரு சம்பா பருவத்தில் அங்கே புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரை வட்டவட்டமாகக் காயவைக்கிற பூச்சி. அவர் தம்பி குமார் பவர் ஸ்ப்ரேயரில் மருந்தை ஊற்றிக்கொண்டு தயாராக நின்றான். கணவன் மனைவியோடு நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

லைன் கிளியர் வயலில் இறங்கி, தூர்களை விலக்கி விலக்கிப் பார்த்தார். வரப்பேறி வந்து, ஸ்ப்ரேயரில் அட்டையை மாட்டினார்.

"ஆளு எங்க வேலை செய்யறாங்க மாமா?" என்றான் குமார்.

"குனிஞ்சு பாரு. சிலந்தி, பொறிவண்டு, எல்லாம் புகையானைத் தின்னுகினு இருக்குது. உள்ள ஆளிருக்கும்போது எவனாச்சும் சுவிட்சைப் போடுவானா?"

"பூச்சியக் கொல்ற மருந்துதான மாமா?"

"மருந்துக்கு ஆளு அடையாளம் தெரியாதுடா. மொதல்ல இவங்கள முடிச்சிரும். புகையான் முட்டை தாளுக்குள்ள பத்திரமா கெடக்கும். அது பொரிச்சு வரும்போது கேக்க நாதி இருக்காது."

வயல் தண்ணீரை வடித்துவிடச் சொல்லிவிட்டு, செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் பஸ் பிடிக்க ஓடிவிட்டார்.

"அவரு கெடக்காரு. நெல்லு உன்னுது, நீ கழட்டு அக்கா," என்றான் குமார்.

பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் சத்தம் கேட்டது. கலைச்செல்வியின் கை அட்டைவரை போயிற்று.

"போட்டவருதான் எடுக்கணும்," என்றார். கையை இழுத்துக்கொண்டார்.

"நெல்லு போச்சுன்னா?"

"போச்சுன்னா நான் அவருகிட்ட சண்டை போட்டுக்கறேன். நீ ஸ்ப்ரேயரத் தூக்கிக்கினு வூட்டுக்குப் போ."

அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வயலில் மறுபடி மறுபடி மருந்து அடித்தார்கள். புகையானும் மறுபடி மறுபடி கிளம்பியது. கடைசியில் அந்த வயல் தீய்ந்துபோனது. கலைச்செல்வியின் வயலில் ஒரு மூலை மட்டும் காய்ந்தது, மிச்சமெல்லாம் கதிர் முற்றித் தலைசாய்ந்தது. லைன் கிளியருக்கு அந்த மூலைதான் உறுத்தல். "அங்க ஆள் பத்தல. ஓவர்டைம் போட்டிருக்கணும்," என்றார்.

புது அரிசி வந்ததும் கலைச்செல்வி பிளாக்கில் வீட்டுக்கு ஒரு படி கொடுத்தார். எங்கள் வீட்டில் கொடுக்கும்போது தலை நிமிர்ந்து, "எங்க வூட்டுக்காரரு காவல் காத்த அரிசிங்க," என்றார்.

பின்னால் நின்றவர் கூச்சத்தோடு திருத்தினார். "நான் எங்க காத்தேன்? இவதான் காத்தா."

கேலியாக ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். "உள்ள வாங்க, காபி குடிக்கலாம்," என்றுதான் வந்தது. அந்த மனுஷன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.