வாயை மூடிய வண்டி

டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்றார். இருக்கட்டுமே, நான் போட்டதுதானே என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஆர்டிஸும் சிரிக்கவில்லை. அன்றோடு எனக்குப் பை கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது.

பை என்றால் தோளில் மாட்டுகிற பை இல்லை. செர்ரிப் பழத்தை மாவுக்குள் பொதிந்து சுட்டு, காப்பிக்கடை பெவர்லி தினமும் காலை பத்து மணிக்கு அடுப்பிலிருந்து எடுப்பாளே, அந்தப் பை. கடவுள் மனிதனுக்குள் இரைப்பை என்று ஒரு பையை வைத்ததே இந்தப் பையைப் போட்டுக்கொள்ளத்தான் என்பது என் கட்சி. ஆர்டிஸ் எதிர்க்கட்சி. எங்கள் வீட்டில் எப்போதும் எதிர்க்கட்சியின் ஆட்சிதான்.

சரி, திருட்டுத்தனமாகத் தின்னலாம் என்றால் என் பிக்கப் வண்டி விடவில்லை. எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. ஓடும்போது சாது. நின்றால்தான் ஆட்டம். நின்ற இடத்தில் ஓடவிட்டால் எஞ்சின் துடிப்புத் தவறி மிஸ்ஸிங் அடிக்கும், குலுங்கும், இருமும், உயிர் போகிற மாதிரி அடங்கும், பிறகு திடுக்கிட்டு எழுந்து உறுமும். அணைத்துவிட்டுப் போவதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வடக்கு டகோடாக் குளிரில், ஜனவரியில் அணைத்த வண்டி ஏப்ரலில்தான் கிளம்பும். இங்கே யாரும் அணைப்பதில்லை. சாவியோடு ஓடவிட்டுவிட்டுக் கடைக்குள் போவோம், சர்ச்சுக்குள்ளும் போவோம். திருடன் வருவானோ என்று யாரும் கவலைப்படுவதில்லை, அவனுக்கும் குளிருமே.

ஆர்டிஸுக்குக் கோதுமைக் கிடங்கின் எடைமேடை ஆபீஸில் வேலை. அது பெவர்லி கடைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதன் ஜன்னல் எடைமேடையைப் பார்க்கும், கடையைப் பார்க்காது. ஆனால் காதுக்கு ஜன்னல் எதற்கு? என் வண்டி கடை வாசலில் இரண்டு இருமல் இருமினால் போதும், பெவர்லியின் சுவரில் போன் அடிக்கும். எடுத்துக் கேட்டுவிட்டு அவள் என் மூக்குக்கு நேரே வந்த தட்டை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவாள். கறுப்புக் காப்பி மட்டும் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம்.

மூன்றாவது தட்டும் அப்படிப் போன அன்று சபதம் போட்டேன். இந்த வண்டியின் வாயை மூடாமல் ஓயமாட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஷெட்டுக்குள் வண்டியை விட்டு, எஞ்சின் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டேன். பின்னால் ஆர்டிஸ் வந்து நின்றாள்.

"என்ன, திடீர்னு வண்டி மேல பாசம்?"

"பெட்ரோல் வீணாகுதுல்ல."

"பத்து வருஷமா வீணாகுது."

"அதை நினைச்சாத்தான் வருத்தமா இருக்கு."

"பாவம். கைல உறை மாட்டிக்கிட்டு வருத்தப்படுங்க. விரல் விறைச்சுடப் போகுது."

முதலில் எட்டு பிளக்கையும் மாற்றினேன். வண்டி புதுத் தெம்போடு குலுங்கியது. பக்கத்து வீட்டு ஒர்வில் வந்து பார்த்தார். ஒர்விலுக்கு உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் கார்புரேட்டர்தான் காரணம். மாமியாரின் மூட்டுவலிக்கே அதைத்தான் சொன்னவர். இரண்டு பேரும் சேர்ந்து கார்புரேட்டர் திருகாணியைத் திருகினோம். இந்தப் பக்கம் திருகினால் வண்டி இருமியது, அந்தப் பக்கம் திருகினால் கரும்புகை கக்கியது. நல்ல மாற்றம் தெரிகிறது என்று சொல்லிவிட்டு ஒர்வில் சாப்பிடப் போய்விட்டார். எனக்கு அழுகை வராத குறை. பையும் போச்சு, இனி வண்டியும் போச்சு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வண்டியை ஓடவிட்டு மறுபடி மூடியைத் தூக்கினேன். ஆர்டிஸ் காப்பி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் தலையைச் சாய்த்து நின்றாள். சர்ச்சில் முப்பது பேர் பாடும்போது யார் சுருதி இறங்கினார்கள் என்று சொல்லிவிடுகிற காது அது.

"உஸ்ஸுங்குது."

"வெளிய காத்து."

"கதவு மூடியிருக்கு."

"எஞ்சின் காத்து இழுக்கும் ஆர்டிஸ். அதுக்கு அது மூச்சு. உனக்குப் புரியாது."

"மூச்சு மூக்குலதானே வரணும். இது விலாவுல வருது."

சொல்லிவிட்டு கார்புரேட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன ரப்பர் குழாயின் மேல் விரலை வைத்தாள். வண்டியின் குலுக்கல் சட்டென்று நின்றது. விரலை எடுத்தாள், குலுங்கியது. வைத்தாள், அடங்கியது. எனக்கு ஆச்சரியமே இல்லை. அவள் விரலை நீட்டினால் நானே அப்படித்தான் அடங்குகிறேன்.

வேக்குவம் குழாயில் வெடிப்பு. அது வழியாக வேண்டாத காற்று உள்ளே போய் எஞ்சினைத் தடுமாற வைத்திருக்கிறது. புது ரப்பர்த் துண்டு ஒன்றை வெட்டி மாட்டினேன். ஒர்வில் திருகிய திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். வண்டி ஓடுகிறதா என்று மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அத்தனை அமைதி.

உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னை உளவு பார்த்த ஒரே ஒற்றனை அவளே தன் விரலால் வாயடைத்துவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே என்று கொஞ்சம் இரக்கமும் வந்தது. அன்று பாத்திரமெல்லாம் நானே கழுவினேன்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். பத்து மணிக்கு நான் கிளம்பினேன். இரண்டு தெரு தாண்டிப் பெவர்லி கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். வண்டி மூச்சுக்கூட விடவில்லை. உள்ளே செர்ரி வாசனை ஆளைத் தூக்கியது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கமானது என்று பெவர்லியிடம் மெல்லச் சொன்னேன். சுவரில் போன் சும்மா கிடந்தது. அதைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

பெவர்லி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். உப்புச் சப்பில்லாத வெள்ளைப் பாலாடைக்கட்டி ஒரு கரண்டி. பக்கத்தில் கேரட் துண்டுகள்.

"யாருக்கு இது?"

"உங்களுக்குத்தான். கடை திறந்ததுமே ஆர்டிஸ் போன் பண்ணிட்டாங்க. பத்து மணிக்கு ஒருத்தர் சத்தமில்லாம வருவார், அவருக்கு இதைக் குடுன்னு சொன்னாங்க."

போனை எடுத்து ஆர்டிஸைக் கூப்பிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் கை விறைக்க ஒரு மனுஷன் வண்டி வாயை மூடுறார்னா, அந்த வண்டி முதல்ல எங்க போகும்? சர்ச்சுக்கா?"

"அப்ப நீ எதுக்கு ஓட்டையைக் கண்டுபிடிச்சுக் குடுத்தே?"

"அந்தச் சத்தத்துல ஆபீஸ்ல உக்கார முடியல. தலைவலி."

அடுத்த மேசையில் ஒருவர் பையை முள்கரண்டியால் உடைத்துக்கொண்டிருந்தார். மெய்யாகவே கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஒரு சந்தேகம், ஹார்லன். கடை ரெண்டு தெருதானே. நீங்க நடந்து போயிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"