அஞ்சாம் பிளாக்கும் நெருப்பு ஊசியும்

பதினாறாம் டோக்கன்காரர் நாற்காலியில் சாய்ந்து, "ஆ..." என்று வாயைத் திறந்தார். டாக்டரம்மா ஒரு நீள ஊசியை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் பிடித்தார். ஊசி சிவந்தது. பிறகு இன்னும் சிவந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் அந்த வாயை நோக்கிக் குனிந்தபோது, கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பதினேழாம் டோக்கன்காரர் பான் ஷௌலின் எழுந்தார். ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, தெருமுனைவரை ஓட்டமாகவே ஓடினார்.

சீனாவின் கைஃபெங் நகரப் பேருந்து ஓட்டுநர் அவர். வயது நாற்பத்தேழு. பத்து வருஷமாக மூக்கடைப்பு. தொண்டையில் ஏதோ கொட்டை சிக்கிக்கொண்ட மாதிரி நிமிஷத்துக்கொரு தரம் "க்ர்ர்ஹும்!" என்று ஒரு செருமல். பயணிகள் அதை ஹாரன் என்று நினைத்து ஒதுங்கிய நாட்களும் உண்டு. மனைவி யூஷியா அன்று காலை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு நெருப்பு ஊசி போட்டுக்கிட்டு வர்றீங்க. இல்லாட்டி நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போறேன். எனக்கும் தொண்டை சரியில்ல. உங்க கச்சேரியைக் கேட்டுக் கேட்டு காதும் போயிடும் போல."

வெறுங்கையோடு எப்படி வீட்டுக்குப் போவது? வழியில் பொதுக் குளியல் கூடம் இருந்தது. ஷௌலின் உள்ளே போய் ஆவி அறையில் ஒரு மணி நேரம் இட்லி மாதிரி வெந்தார். வெளியே வந்தால் மூக்குத் துளை இரண்டும் திறந்திருந்தன! யாரோ மிளகு வறுக்கும் வாசனை தெருக்கோடியிலிருந்தே வந்தது.

"போட்டுக்கிட்டீங்களா?" என்றாள் யூஷியா.

"போட்டாச்சு."

"மூச்சு சத்தமே கேக்கலையே! வலிச்சுதா?"

அந்த இடத்தில் 'லேசா வலிச்சுது' என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் யூஷியா அவரைப் பெருமையாகப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"வலியா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. பக்கத்துல ஒரு தடியன் அழுதான். நான் சிரிச்சுக்கிட்டே வாயைத் திறந்தேன்."

ஆவியின் புண்ணியம் இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. அதற்குப் பிறகு ஷௌலின் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தும்மல் வந்தால் கழிப்பறைக்கு ஓடித் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தும்மினார். செருமல் வந்தால் நாற்காலியை இழுத்துக் கரகரவென்று சத்தம் எழுப்பினார்.

"எதுக்குங்க சும்மா சும்மா நாற்காலியை நகர்த்துறீங்க?"

"வெளிச்சம் பத்தல."

மூன்றாம் நாள் யூஷியா கோட்டை மாட்டிக்கொண்டாள். "நானும் போய் என் தொண்டைக்குப் போட்டுக்கிட்டு வரேன்."

ஷௌலின் கதவை மறித்து நின்றார். "நீ வேணாம். கொஞ்சம் வலிக்கும்."

"எறும்புகூட இல்லன்னீங்க?"

"அது... ஆம்பளை எறும்பு."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். மாடி வீட்டு கோவ் அண்ணனும் கூடவே கிளம்பினார். பழைய உரத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தும்மினால் மூன்று தளங்களின் ஜன்னல் கண்ணாடி அதிரும். நேரே ஆஸ்பத்திரிக்குள் போய் 'பான் ஷௌலின் சொன்னார்' என்று இவர்கள் ஆரம்பித்தால் டாக்டர், 'யார் அது?' என்பார். ஷௌலின் வீட்டு வாசலிலேயே நின்று நகம் கடித்தார்.

இரண்டு பேரும் அடுத்தடுத்து மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றாள் யூஷியா. "எறும்புகூட இல்ல!"

"கொசு இறக்கை பட்ட மாதிரி," என்றார் கோவ் அண்ணன். "நான் ரெண்டாவது ஊசி கேட்டேன். டாக்டர்தான் போதும்னுட்டாங்க."

ஷௌலின் கூனிக்குறுகிப் போனார். பெண்டாட்டி தைரியசாலி. அறுபத்தெட்டு வயசுக் கிழவர் தைரியசாலி. தான் மட்டும் கோழை!

சேதி அவர்கள் குடியிருந்த அஞ்சாம் பிளாக் முழுக்கப் பரவியது. அது வசந்த காலம். பாப்ளர் மரங்கள் பஞ்சை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. ஊரே தும்மியது. அஞ்சாம் பிளாக் மட்டும் தும்மவில்லை. ஒவ்வொருவராய்ப் போய்விட்டு வந்து, "ஒண்ணுமே தெரியல!" என்றார்கள். ஒரு நாள் லிஃப்டுக்குள் பஞ்சு புகுந்துவிட்டது. உள்ளே ஆறு பேர். ஆறு பேருக்கும் முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் தளும்பியது, தோள்கள் குலுங்கின. ஒருவரும் தும்மவில்லை.

"சுகமா இருக்கீங்களா?" என்றார் கோவ் அண்ணன், பல்லைக் கடித்தபடி.

"ரொம்ப... சுகம்," என்றார் ஷௌலின், மூச்சைப் பிடித்தபடி.

கதவு திறந்ததும் ஆறு பேரும் ஆறு திசையில் ஓடினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஷௌலின் ஆயுசு முழுக்க ஆவியிலேயே காலம் தள்ளியிருப்பார். ஆனால் குடியிருப்புக் குழுச் செயலாளர் பியன் அக்காவுக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தம்மாவுக்கு மூக்கில் ஒரு கோளாறும் கிடையாது. போட்டோவில் நிற்கும் ஆசை மட்டும் உண்டு. கூட்டத்தைக் கூட்டினாள்.

"டாக்டரம்மாவுக்கு அஞ்சாம் பிளாக் சார்பா சிவப்புப் பட்டுல நன்றிப் பதாகை! தங்க எழுத்து! சனிக்கிழமை எல்லாரும் ஊர்வலமாப் போறோம். பத்திரிகைக்காரரும் வர்றார்!"

கைதட்ட ஒரு கையும் எழவில்லை.

"டாக்டருக்கு வேலை ஜாஸ்தி," என்றார் கோவ் அண்ணன் மெதுவாக. "தபால்ல அனுப்பிடலாமே?"

"ஆமா, தபால்தான் மரியாதை!" என்று பத்துக் குரல் ஒரே சமயத்தில் எழுந்தது. என்ன அடக்கம் இவர்களுக்கு என்று ஷௌலின் வியந்தார்.

"பேசாம இருங்க!" என்றாள் பியன் அக்கா. "பான் தம்பி, நீதான் முதல் ஆள். டாக்டர் முன்னாடி நின்னு, எப்படிக் குணமாச்சுன்னு நீதான் பேசணும்."

ஷௌலின் யூஷியாவைப் பார்த்தார். அவளும் வெளிறிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது! சனிக்கிழமை பத்திரிகைக்காரர் முன்னால் குட்டு உடையும். அவள் தங்கை வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்தை வேறொரு ஓட்டுநர் தலையில் கட்டிவிட்டு, ஷௌலின் ஆஸ்பத்திரிக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். யூஷியாவை நினைத்துக்கொண்டார். ஊசி சிவந்தது. கண்ணை மூடி, "ஆ..." என்றார்.

சுருக், சுருக், சுருக்.

"எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சாச்சு. ரெண்டு நாளைக்குக் காரம் சேர்க்காதீங்க. வாராவாரம் வரணும். ஒரே தடவையில போயிட இது தலைவலி இல்ல."

இவ்வளவுதானா! இதற்கா மூன்று வாரம் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தும்மினோம்? ஷௌலினுக்கு ஆடிப்பாட வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு காரியம் பாக்கி. டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் போய்க் குனிந்து நின்றார்.

"தங்கச்சி, உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன். நாளைக்கு எங்க அஞ்சாம் பிளாக்லேருந்து பதாகையோட வருவாங்க. அத்தனை பேரும் சூரங்க. நான் ஒருத்தன்தான் பயந்து ஓடினவன். நான் மூணு வாரம் முந்தியே ஊசி போட்டுக்கிட்டதா ஒரு வார்த்தை சொல்லிடும்மா. என் குடும்பம் நிலைக்கும்."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க அஞ்சாம் பிளாக்லேருந்து இதுவரைக்கும் பதினொரு பேர் டோக்கன் வாங்கியிருக்காங்கண்ணே, பின்வாசல் வழியா ஓடாம ஊசி போட்டுக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்."