இருங்க மாமா

மரியாதையாகப் பேசுவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எங்கள் கோவையில் எல்லோரும் நம்புகிறோம். எனக்கு ஒரு வேட்டி நஷ்டம்.

கல்யாணமான புதிது. துடியலூரில், லேத் பட்டறையின் இரைச்சலுக்குப் பக்கத்து வீட்டில், என் மாமனார் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் செல்லப்பிள்ளையாக வளர்த்துவந்தார். இரண்டே பேர் உட்காரலாம். என் கொழுந்தியாள் தீபா கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு அதில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. காரின் கிளட்ச்சோ தேய்ந்து கிடந்தது. மாற்றவேண்டுமானால் எஞ்சினையே வெளியே எடுக்கவேண்டும்.

“மெக்கானிக் எதுக்குங்க மாமா? நானே செஞ்சுபோடறேன்” என்றேன். (அதுவரை நான் கழற்றி மாட்டிய பெரிய இயந்திரம், மிக்ஸி ஜார்.)

போர்வெல் மோட்டார் தூக்கும் முக்காலியை வாடகைக்கு எடுத்தோம். மாமா சங்கிலியை இழுக்க, எஞ்சின் எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்தது. பாரம் இறங்கிய கார் மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. அந்த வெறுமையைப் பார்த்து நான் ஒரு கவிதை எழுதினேன். (கிளட்ச்சை மாற்றியவர் மாமா.)

தீபா கல்யாணத்துக்கு முதல் நாள் எஞ்சினைத் திரும்ப மாட்டினோம். கற்பூரம் காட்டிவிட்டுத்தான் இறக்கவேண்டும் என்று மாமியார் சொன்னதால், பச்சைக்கரை போட்ட என் கல்யாண வேட்டியைக் கட்டியிருந்தேன். மாற்றச் சோம்பல். மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, தொங்கும் எஞ்சினை கியர் பாக்ஸுக்கு நேராகத் தள்ளினேன். வேட்டி நுனியும் கூடவே நடுவில் போய்விட்டது.

“இருங்க மாமா!”

பட்டறையில் லேத் கிறீச்சிட்டது.

“என்னங்க மாப்ளே?”

“இருங்க! இருங்க!”

“இறக்கறனுங்க, இறக்கறனுங்க!”

‘நில்லு’ என்ற ஒரு சொல் போதும். மாமனாரைப் பார்த்து எப்படி நில்லு என்பது? நான் மரியாதையாகக் கத்தக் கத்த, எஞ்சின் நிதானமாக இறங்கி ‘டக்’கென்று பொருந்தியது. என் வேட்டியோடு.

“இன்னொருக்கா தூக்கிப்போடலாமுங்களா மாமா?”

அவர் எஞ்சினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இத்தனை அம்சமா உக்காந்திருக்குதுங்க. வேட்டி வேற வாங்கிக்கலாங்க.”

அந்நேரம் வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் வேன். எல்லோரும் கும்பிட, நான் மட்டும் மட்கார்டிலேயே அமர்ந்து அருள்பாலித்தேன்.

“அண்ணன் எந்திரிக்கவே மாட்டேங்கறாருங்களே?” என்றார் ஒரு அம்மணி.

“அவருக்குக் காருன்னா உசுருங்க” என்றபடியே என் மனைவி கத்தரிக்கோலோடு வந்து, காதோரம் குனிந்தாள். “உள்ள டவுசர் இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“அப்ப வெட்டறேன்.”

மறுநாள் கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மணமக்களைக் கொண்டுவந்து சேர்த்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் தீபா வீட்டு விருந்தில் நான் இலையை மறைத்து “இருங்க” என்றால், இன்றைக்கும் சகலை ஒரு கரண்டி பாயசத்தைக் கவிழ்க்கிறார். “இறக்கச் சொன்னீங்கல்லங்க!”

போன மாதம் ஒரு புது மெக்கானிக் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல பச்சையா ஒரு துணி நீட்டிக்கிட்டு இருக்குதுங்க. வெட்டிப்போடட்டுங்களா?”

மாமா பதறிவிட்டார்.

“ஐயோ, அதைத் தொட்டுப்போடாதீங்க. அது எங்க மாப்ளைங்க.”